எபிரேய நாட்காட்டியும் கிரிகோரியன் நாட்காட்டியும்: காகிதமும் பேனாவும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. இரவு 7 மணிக்கு இஸ்ரேல் குழுவோடு ஒரு கூட்டம் வைத்திருந்தேன். டெல் அவீவில் அப்போது மாலை நாலரை. போனில் இருந்த காலண்டர் செயலி 'ரோஷ் ஹஷானா, செப்டம்பர் 23' என்றுதான் காட்டியது. சரி, யூதப் புத்தாண்டு நாளைக்குத்தானே, இன்றைக்குப் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. மதியமே எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அன்று சூரியன் மறைந்ததும் 5786ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. 24ஆம் தேதி இருட்டும்வரை யாரும் மின்னஞ்சலைத் திறக்கவில்லை.

அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இஸ்ரேல் குழுவோடு வேலை செய்பவர்களுக்கும், வேதாகமத்தில் நிசான், சீவான், ஆதார் என்று படித்துவிட்டு அது எந்த மாதம் என்று குழம்புபவர்களுக்கும், கணக்குப் போட்டுப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. 'யூதர்களுடையது சந்திர நாட்காட்டி, உலகம் பயன்படுத்துவது சூரிய நாட்காட்டி' என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. முழுக்க முழுக்க நிலாவை மட்டும் நம்பும் நாட்காட்டி இஸ்லாமிய ஹிஜ்ரி. அதனால்தான் ரமலான் ஒரு காலத்தில் கோடையிலும் இன்னொரு காலத்தில் மழையிலும் வருகிறது. எபிரேய நாட்காட்டி மாதத்தை நிலாவிடமும் ஆண்டைச் சூரியனிடமும் ஒப்படைத்திருக்கிறது. இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில்தான் அதன் சிக்கல் அத்தனையும்.

படி 1: நாள் எங்கே தொடங்குகிறது?

கிரிகோரியன் நாள் நள்ளிரவில் மாறும். எபிரேய நாள் சூரியன் மறையும்போது மாறும். ஆதியாகமத்தில் 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று' என்று சாயங்காலம் முன்னால் வருகிறதல்லவா, அதுதான் இதற்கு ஆதாரம். சூரியன் மறைவதற்கும் வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரிவதற்கும் இடையிலுள்ள அந்தி யாருக்குச் சொந்தம் என்பது சந்தேகம். ஆகவே பண்டிகையைத் தொடங்கும்போது அஸ்தமனத்துக்கு முன்பே தொடங்கி, முடிக்கும்போது நட்சத்திரம் பார்த்து முடிப்பார்கள்.

1948 மே 14, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு டெல் அவீவில் பென் குரியோன் இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். எபிரேயக் கணக்கில் அது 5708 இயார் 5. அதே கூட்டம் இரவு 8 மணிக்கு நடந்திருந்தால் கிரிகோரியன் தேதி மாறியிருக்காது. எபிரேயத் தேதி இயார் 6 ஆகியிருக்கும், அதோடு ஓய்வுநாளும் தொடங்கியிருக்கும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்றுதான் மாலை நேரத்தில் வைத்தார்கள்.

எனவே எந்தத் தேதியை மாற்றினாலும் முதல் கேள்வி இதுதான்: சம்பவம் அஸ்தமனத்துக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் மறுநாளின் எபிரேயத் தேதியை எடுக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பிறந்தநாளையும் நினைவு நாளையும் ஒரு நாள் தவறாகக் கணக்கிடுபவர்கள் ஏராளம்.

கிழமைகளில் சிக்கல் இல்லை, ஏழுதான். ஆனால் ஞாயிறு, திங்கள் என்று கோள்களின் பெயர் கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிக்கொண்டே போவார்கள். பெயர் உள்ள ஒரே நாள் ஏழாவதான சபாத், அதாவது சனிக்கிழமை ஓய்வுநாள்.

படி 2: மாதங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

அமாவாசையிலிருந்து அமாவாசைக்குச் சராசரியாக இருபத்தொன்பதரை நாள். அரை நாளில் மாதத்தைத் தொடங்க முடியாது. ஆகவே 30, 29 என்று மாறி மாறி வைத்துக்கொள்கிறார்கள்:

திஸ்ரி 30
ஹெஷ்வான் 29 (சில ஆண்டுகளில் 30)
கிஸ்லேவ் 30 (சில ஆண்டுகளில் 29)
தேபேத் 29
சேபாத் 30
ஆதார் 29
நிசான் 30
இயார் 29
சீவான் 30
தம்மூஸ் 29
ஆவ் 30
எலூல் 29

கூட்டினால் 354. ஹெஷ்வான், கிஸ்லேவ் இரண்டும்தான் வளைந்து கொடுப்பவை. இரண்டுக்கும் 29 என்றால் ஆண்டு 353 நாள், இரண்டுக்கும் 30 என்றால் 355. மற்ற மாதங்களில் கை வைப்பதில்லை. இந்த வளைவு எதற்கு என்று படி 5இல் தெரியும்.

பெயர்கள் எல்லாம் பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து வந்தவை. அதற்கு முன் முதலாம் மாதம், இரண்டாம் மாதம் என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். யாத்திராகமம் சொல்லும் முதலாம் மாதம் நிசான். அப்படியானால் புத்தாண்டு ஏன் ஏழாம் மாதமான திஸ்ரியில் வருகிறது? நம் ஊரில் பள்ளிக்கு ஜூன், அரசுக் கணக்குக்கு ஏப்ரல், டைரிக்கு ஜனவரி என்று இருப்பதுபோலத்தான். மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு ஓர் ஆண்டுக்கு நான்கு புத்தாண்டுகளைச் சொல்கிறது: அரசர்களுக்கும் பண்டிகை வரிசைக்கும் நிசான், கால்நடைத் தசமபாகத்துக்கு எலூல், ஆண்டு எண்ணுக்குத் திஸ்ரி, மரங்களுக்குச் சேபாத். ஆண்டு எண் மாறுவது திஸ்ரி 1இல். மாதத்தை எண்ணுவது நிசானிலிருந்து. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 3: பதின்மூன்றாம் மாதம்

354க்கும் 365க்கும் ஏறக்குறைய 11 நாள் வித்தியாசம். விட்டுவிட்டால் பஸ்கா (நிசான் 15இல் தொடங்கும் வசந்தப் பண்டிகை) ஆண்டுக்கு 11 நாள் பின்னால் நழுவி, பத்துப் பதினைந்து வருடத்தில் குளிர்காலத்துக்குள் போய்விடும். ஆனால் ஆபிப் மாதத்தில், அதாவது வாற்கோதுமை பச்சைக் கதிர் விடும் வசந்தத்தில், பஸ்காவை ஆசரிக்க வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. சூரியனை விட முடியாததற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

தீர்வு: அவ்வப்போது ஒரு மாதத்தைச் செருகுவது. எத்தனை தடவை? 19 ஆண்டுக்கு 11 நாள் வீதம் 209 நாள் விட்டுப்போகிறது. 30 நாள் மாதங்கள் ஏழு சேர்த்தால் 210. கிட்டத்தட்ட சரி. ஆகவே 19 ஆண்டுச் சுற்றில் 3, 6, 8, 11, 14, 17, 19ஆம் ஆண்டுகளில் 13 மாதம். ஏதென்ஸைச் சேர்ந்த மெட்டோன் கி.மு. 432இல் அறிவித்த அதே சுற்று. பாபிலோனியர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

செருகும் இடம் ஆதார். அந்த ஆண்டில் 30 நாள் கொண்ட 'முதல் ஆதார்' முன்னால் வரும். அசல் ஆதார் 'இரண்டாம் ஆதார்' ஆகிப் பின்னால் நகரும். பூரிம் பண்டிகை இரண்டாம் ஆதாரில்தான். ஆண்டின் நீளம் 383, 384 அல்லது 385.

நடப்பு எபிரேய ஆண்டை 19ஆல் வகுங்கள். 5786ஐ வகுத்தால் மீதி 10. பட்டியலில் இல்லை, ஆக 12 மாதம். 5787க்கு மீதி 11. பதின்மூன்று மாதம். (மீதி பூஜ்யம் வந்தால் 19ஆம் ஆண்டு என்று கொள்ள வேண்டும்.)

பட்டியலை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு, சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். இந்த ஆண்டுகளுக்கு இடையிலான இடைவெளி 3, 3, 2, 3, 3, 3, 2. ஆர்மோனியத்தில் சங்கராபரணம் வாசித்துப் பாருங்கள்: ச-ரி முழு இடைவெளி, ரி-க முழு, க-ம அரை, ப-வுக்கு முழு, த-வுக்கு முழு, நி-க்கு முழு, மேல் ச-வுக்கு அரை. முழுவுக்கு மூன்று, அரைக்கு இரண்டு என்று போட்டால் அச்சு அசலாக அதே வரிசை.

தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாதமும் இதே தேவைக்குத்தான். ஆனால் அங்கே சூரியன் எந்த மாதத்தில் ராசி மாறவில்லையோ அந்த மாதம் அதிகமாகிறது. ஆகவே எந்த மாதம் இரட்டிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லக் கணக்குப் போட வேண்டும். எபிரேயத்தில் எப்போதும் ஆதார்தான்.

இதனால் வரும் வேடிக்கை ஒன்று. ஒரு பையன் 2024 பிப்ரவரி 29 பகலில் பிறந்தான் என்று வையுங்கள். எபிரேயக் கணக்கில் அது 5784 முதல் ஆதார் 20. இன்னொரு பையன் மார்ச் 20 பகலில் பிறந்தான்: இரண்டாம் ஆதார் 10. முதல்வன் 20 நாள் மூத்தவன். பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா சடங்கு. 5797ஆம் ஆண்டில், அதாவது 2037இல், ஆதார் ஒன்றுதான். ஆக இளையவனுக்கு ஆதார் 10இலும், மூத்தவனுக்கு ஆதார் 20இலும் சடங்கு வரும். தம்பி முந்திக்கொள்கிறான்! பாவம், மூத்தவனுக்குக் கிரிகோரியனிலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்.

படி 4: கணக்கு வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

அவசரமாகத் தேதி மாற்ற வந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். எனக்கு இதுதான் மிகப் பிடித்த பகுதி.

எருசலேம் ஆலயக் காலத்தில் மாதப் பிறப்பை யாரும் அட்டவணையில் பார்க்கவில்லை, வானத்தில் பார்த்தார்கள். மெல்லிய பிறை முதலில் கண்ணில் படும் மாலைக்காக ஊர் ஊராக ஆட்கள் காத்திருந்தார்கள். பார்த்தவர்கள் எருசலேமுக்கு வந்து பேத் யாசேக் என்ற பெரிய முற்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களுக்கு அங்கே பெரிய விருந்து, அடுத்த மாதமும் வர வேண்டுமே! நீதிபதிகள் ஒவ்வொரு சோடியாக உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள்: பிறை சூரியனுக்கு வடக்கிலா, தெற்கிலா? எவ்வளவு உயரத்தில்? எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? எவ்வளவு அகலம்? பிற்காலத்தில் யூத நீதிமன்றத்தின் தலைவரான ரபன் கமாலியேல் மாடி அறையில் பிறையின் வடிவங்களைப் பலகையில் வரைந்து மாட்டி வைத்திருந்தார். 'இப்படியா, அப்படியா' என்று சாதாரண ஜனங்களிடம் காட்டிக் கேட்பாராம்.

சாட்சி ஏற்கப்பட்டதும் செய்தி பரவ வேண்டும். நீண்ட தேவதாருக் கழிகளில் நாணலும் சணல் சிம்பும் கட்டிக் கொளுத்தி, ஒலிவ மலை உச்சியில் நின்று முன்னும் பின்னும் மேலும் கீழும் ஆட்டுவார்கள். அடுத்த மலையான சர்தாபாவில் பதில் தீ தெரியும்வரை ஆட்ட வேண்டும். அப்படி மலை மலையாக ஓடி, பாபிலோனியா தீக்கடலாகத் தெரியும்வரை போகும் என்கிறது மிஷ்னா. பிறகு சமாரியர்கள் வேண்டுமென்றே தவறான இரவில் தீ மூட்டிக் கெடுத்துவிட, தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள். தூதர் போய்ச் சேராத தொலைதூர ஊர்களில் சந்தேகத்துக்கு இரண்டு நாள் பண்டிகை. இன்றும் இஸ்ரேலுக்கு வெளியே மரபுவழி யூதர்கள் பல பண்டிகைகளை ஒரு நாள் கூட்டிக் கொண்டாடுவது அதன் மிச்சம். ரோஷ் ஹஷானா மாதத்தின் முதல் நாளிலேயே வருவதால் இஸ்ரேலுக்குள்ளும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே அது அங்கேயும் இரண்டு நாள்.

ஒருமுறை சாட்சிகள் சொன்னது பொய் என்று மற்ற அறிஞர்களுக்குப் பட்டது. கமாலியேல் ஏற்றுக்கொண்டுவிட்டார். ரபி யோசுவா உடன்படவில்லை. அவர் கணக்கில் யோம் கிப்பூர், அதாவது பாவநிவிர்த்தி நாள், வேறு தேதியில் வந்தது. கமாலியேல் ஆள் அனுப்பினார்: 'உங்கள் கணக்குப்படி யோம் கிப்பூர் எதுவோ, அந்த நாளில் கைத்தடியும் பணப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும்.' அந்தப் புனித நாளில் தடியும் பணமும் எடுத்துப் பயணம் போவது பெரும் குற்றம். யோசுவா மனம் நொந்தபடி தடியை எடுத்துக்கொண்டு யாவ்னே நகருக்குப் போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, 'அறிவில் என் குருவே, சொல் கேட்டதில் என் சீடனே' என்றாராம். நாட்காட்டி சரியாக இருப்பதைவிட எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது முக்கியம் என்று முடிவான இடம் அது. இதே முடிவுக்கு ஐரோப்பா வர ஏன் அவ்வளவு காலம் எடுத்தது (படி 7இல் வரும்) என்று பிறகு யோசித்திருக்கிறேன்.

பதின்மூன்றாம் மாதத்தையும் அப்போது அந்த நீதிமன்றம்தான் முடிவு செய்தது. வாற்கோதுமை முற்றவில்லை, மரங்கள் காய்க்கவில்லை, வசந்த சமநாள் இன்னும் வரவில்லை. இந்த மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் ஒரு மாதம் கூட்டினார்கள்.

ரோமானிய ஆட்சியில் இதெல்லாம் கடினமாகிப் போக, இரண்டாம் ஹில்லேல் கி.பி. 358 வாக்கில் நிலையான கணக்கைக் கொடுத்தார் என்பது மரபு. ஆனால் எல்லாம் அன்றே முடிந்துவிடவில்லை. 921-922இல் பாலஸ்தீனத் தலைவர் பென் மெயிருக்கும் பாபிலோனியாவின் சாதியாவுக்கும் பெரிய சண்டை. வித்தியாசம் 642 ஹெலக், அதாவது 36 நிமிடத்துக்கும் குறைவு. அதனால் 922இல் பஸ்காவையே இரு தரப்பும் இரண்டு நாள் வித்தியாசத்தில் கொண்டாடின. கடைசியில் சாதியா சொன்னதே நின்றது.

படி 5: ரோஷ் ஹஷானாவை நீங்களே கண்டுபிடியுங்கள்

ஹெலக் என்றேன். ஒரு மணி நேரத்தில் 1080 ஹெலக். ஒரு நிமிடத்துக்கு 18. அமாவாசைச் சந்திப்பை மோலாத் என்பார்கள். ஒரு மோலாத்திலிருந்து அடுத்ததற்கு 29 நாள், 12 மணி, 793 ஹெலக். கிரேக்க வானியலாளர் தாலமி கையாண்ட பாபிலோனிய மதிப்பும் இதுவே. இன்றைய வானியல் அளவோடு ஒப்பிட்டால் அரை விநாடிகூடப் பிசகில்லை.

மணியை நள்ளிரவிலிருந்து எண்ணாமல் மாலை 6 மணியிலிருந்து எண்ண வேண்டும். ஞாயிறு 1, சனி 7. முழு வாரங்களைத் தள்ளிவிட்டால், 12 மாத ஆண்டுக்கு மோலாத் 4 நாள் 8 மணி 876 ஹெலக் நகரும். 13 மாத ஆண்டுக்கு 5 நாள் 21 மணி 589 ஹெலக்.

தொடக்கப் புள்ளி: 5785ஆம் ஆண்டின் திஸ்ரி மோலாத், 5ஆம் நாள் 9 மணி 391 ஹெலக். வியாழன் அதிகாலை 3.21. அன்றே ரோஷ் ஹஷானா, 2024 அக்டோபர் 3.

இனி விதிகள். முதலாவது, மோலாத் நண்பகலிலோ (18 மணி) அதற்குப் பிறகோ வந்தால் மறுநாளுக்குத் தள்ள வேண்டும். இரண்டாவது, ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் வரவே கூடாது. வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளு. புதனிலோ வெள்ளியிலோ வந்தால் பத்தாம் நாளான யோம் கிப்பூர் சபாத்துக்கு ஒட்டி முன்னாலோ பின்னாலோ விழும். இரண்டு நாள் தொடர்ந்து அடுப்பு மூட்ட முடியாது, இறந்தவரைப் புதைக்கவும் முடியாது. ஞாயிறில் வந்தால் திஸ்ரி 21 சபாத்தில் விழுந்து, அன்றைய ஆற்றலரிக் கொப்புச் சடங்கு தடைபடும். இன்னும் இரண்டு அபூர்வ விதிகள் உண்டு. 356 நாளோ 382 நாளோ கொண்ட ஆண்டு உருவாகிவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை. இங்கே அவை தேவைப்படாது.

5786: 5 நாள் 9 மணி 391 + 4 நாள் 8 மணி 876 = 9 நாள் 17 மணி 1267. 1080ஐ ஒரு மணியாக்கினால் 9 நாள் 18 மணி 187. ஏழைக் கழித்தால் 2ஆம் நாள் 18 மணி 187. திங்கள் பகல் 12.10. நண்பகல் தாண்டிவிட்டது, வெறும் பத்து நிமிடத்தில்! ஆகவே செவ்வாய். என் கூட்டம் கெட்டுப்போன ஆண்டு இதுதான். மோலாத் கால் மணி முந்தியிருந்தால் திங்களே பண்டிகை, ஞாயிறு மாலையே ஆட்கள் கிளம்பியிருப்பார்கள்.

5787: 2-18-187 + 4-8-876 = 7ஆம் நாள் 2 மணி 1063. சனிக்கிழமை, எந்தத் தடையும் இல்லை. அப்படியே சனி.

5788: 5787 பதின்மூன்று மாத ஆண்டு. ஆகவே 5-21-589ஐக் கூட்டுங்கள். 13 நாள் 0 மணி 572. ஏழு போக 6ஆம் நாள் 0 மணி 572. வெள்ளி! கூடாது. சனிக்குத் தள்ளு.

கிழமை கிடைத்துவிட்டது. தேதி? வியாழனிலிருந்து செவ்வாய் 5 நாள். 353ஐ ஏழால் வகுத்தால் மீதி 3, 354க்கு 4, 355க்கு 5. ஆக 5785க்கு 355 நாள். 2024 அக்டோபர் 3உடன் 355ஐக் கூட்டினால் 2025 செப்டம்பர் 23. செவ்வாயிலிருந்து சனி 4. ஆக 5786க்கு 354 நாள், அடுத்தது 2026 செப்டம்பர் 12. சனியிலிருந்து சனி 0. 383, 384, 385இல் ஏழால் மீதியின்றி வகுபடுவது 385. ஆக 2027 அக்டோபர் 2. ஹெஷ்வானும் கிஸ்லேவும் ஏன் வளைகின்றன என்பதும் இதில் விளங்கியிருக்கும். தள்ளிப்போட்ட நாட்களை அந்த இரண்டின் தலையில்தான் கட்டுகிறார்கள்.

படி 6: எந்தத் தேதியையும் மாற்றுவது

ஆண்டுக்கு: ஜனவரி முதல் ரோஷ் ஹஷானா மாலைவரை கிரிகோரியன் ஆண்டோடு 3760ஐக் கூட்டுங்கள். அதன் பிறகு டிசம்பர்வரை 3761.

மாதத்துக்கு ஒரு தந்திரம்: நிசான் முதல் எலூல்வரை நீளங்கள் மாறவே மாறாது. ஆகவே வசந்தமும் கோடையுமான தேதிகளுக்கு முந்தைய ரோஷ் ஹஷானாவிலிருந்து முன்னோக்கி எண்ணாதீர்கள். அடுத்ததிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

1947 ஆகஸ்ட் 15ஐ எடுப்போம். அந்த ஆண்டு ரோஷ் ஹஷானா செப்டம்பர் 15. எலூலுக்கு 29 நாள், ஆக எலூல் 1 ஆகஸ்ட் 17. அதற்கு முந்தைய நாள் ஆவ் 30. ஆகஸ்ட் 15 என்பது 5707 ஆவ் 29. நள்ளிரவில் நாம் சுதந்திரம் அடைந்தபோது நம் தேதி அப்போதுதான் மாறியது. எபிரேயத் தேதி மாலையே மாறி அரை இரவு கடந்திருந்தது. அதே ஆவ் 29, 2026இல் ஆகஸ்ட் 12இல் வரும், 2027இல் செப்டம்பர் 1இல்.

பஸ்காவுக்கு இன்னும் சுலபம். நிசான் 15 எப்போதும் அடுத்த ரோஷ் ஹஷானாவுக்குச் சரியாக 163 நாள் முன்பு. ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகை தொடங்குவது கிஸ்லேவ் 25. அது ஹெஷ்வானைத் தாண்டி வருவதால் ரோஷ் ஹஷானாவிலிருந்து 83 அல்லது 84 நாள் கழித்து. அதன் ஆட்டத்தைப் பாருங்கள்: 2024இல் டிசம்பர் 26, 2025இல் 15, 2026இல் 5, பிறகு ஒரே தாவலில் 2027 டிசம்பர் 25. பதினொன்று, பத்து என்று பின்னால் வந்து, ஆதார் ஒன்று செருகியதும் இருபது முன்னால். 2013இல் அது நவம்பர் 28க்கே வந்து அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளோடு மோதியது.

பழைய கல்லறைகளிலும் பத்திரங்களிலும் ஆண்டு, தேதி எல்லாம் எழுத்துகளில் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு. ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 15ஐப் 'பத்தும் ஐந்தும்' என்று எழுதினால் கடவுளின் பெயர் எழுத்துகள் வந்துவிடும். ஆகவே 'ஒன்பதும் ஆறும்' என்று எழுதுவார்கள். 16க்கு 'ஒன்பதும் ஏழும்'. இது தெரியாமல் நான் ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்திருக்கிறேன்.

படி 7: எது அதிகம் பிசகுகிறது?

ரோமின் ஜூலியன் ஆண்டு 365.25 நாள். உண்மையான பருவ ஆண்டு 365.2422. அந்தச் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து பத்து நாள் ஆனபோது, போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582 அக்டோபர் 4, வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15, வெள்ளி என்று அறிவித்தார். பிரிட்டன் 1752வரை ஒப்புக்கொள்ளவில்லை. கிரிகோரியன் சராசரி 365.2425. ஒரு நாள் பிசக மூவாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். நிலாவை முற்றிலும் கைகழுவியதால் அதற்கு இந்த வசதி.

எபிரேயச் சராசரி 365.2468. ஒவ்வொரு 19 ஆண்டுச் சுற்றிலும் சூரியனைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் பின்தங்குகிறது. 216 ஆண்டுக்கு ஒரு நாள். நான்காம் நூற்றாண்டிலிருந்து ஏழெட்டு நாள் ஆகிவிட்டது. திருத்த வேண்டுமானால் எல்லோரும் ஏற்கும் மன்றம் ஒன்று வேண்டும். அது இப்போது இல்லை.

சர்ச்சுக்குப் போகிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். உயிர்ப்பு ஞாயிறும் நிலாக் கணக்குதான், மார்ச் 21க்கோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. 2026இல் பஸ்கா ஏப்ரல் 2, ஈஸ்டர் ஏப்ரல் 5. பக்கத்துப் பக்கத்தில். ஆனால் 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஏப்ரல் 23. 2027இலும் அப்படித்தான்: மார்ச் 28, ஏப்ரல் 22. சுற்றின் 8, 11, 19ஆம் ஆண்டுகளில் பஸ்கா இப்படி ஒரு மாதம் பிந்திப்போகிறது.

இன்னொரு விசித்திரம். இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர்கள் தினசரி ஜெபத்தில் மழை கேட்கத் தொடங்குவது டிசம்பர் 4 மாலையில். பிப்ரவரி 29 வரப்போகும் ஆண்டுக்கு முந்தைய டிசம்பரில் மட்டும் 5ஆம் தேதி மாலை. எபிரேயத் தேதியே கிடையாது! இலையுதிர்காலச் சமநாளிலிருந்து அறுபதாம் நாள் என்று விதி. அந்தச் சமநாளைப் பழைய 365.25 நாள் ஆண்டை வைத்துக் கணக்கிடுவதால், கிரிகோரியன் தேதியைப் போலவே அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கிரிகோரி கைவிட்ட ஜூலியன் ஆண்டு இன்னும் உயிரோடிருக்கும் இடங்களில் யூத ஜெபப் புத்தகமும் ஒன்று.

படி 8: கூட்டம் வைக்கும் முன்

செயலி காட்டும் பண்டிகைத் தேதிக்கு முந்தைய நாள் மதியத்தோடு வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயார் 5 போன்ற தேசிய நாட்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சபாத்தோடு மோதினால் அரசே நகர்த்திவிடும். 2025இல் இயார் 5 சனியில், மே 3இல் விழுந்தது. சுதந்திர தினத்தை மே 1க்கு முன்தள்ளினார்கள். ஆகவே எபிரேயத் தேதியைச் சரியாகக் கணக்கிட்டாலும் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நான் இப்போது குறித்து வைத்திருப்பவை: 2026 செப்டம்பர் 11 வெள்ளி மாலை, 5787 பிறக்கிறது. 2027 ஏப்ரல் 21 புதன் மாலை, பஸ்கா. 2027 அக்டோபர் 1 வெள்ளி மாலை, 5788. மூன்றிலும் அன்று மதியம் இந்திய நேரம் இரண்டரைக்குப் பிறகு என் காலண்டரில் ஒரு கூட்டமும் இல்லை.